பதினேழரைக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

ஆரணியை ஒட்டிய ஒரு நெசவாளர் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, வீட்டுக்காரர் தவறி ரொம்ப வருஷம் ஆகிறது. கூலிக்குப் பட்டு நெய்கிறேன். பையன் சின்னவனாக இருந்தபோது வெளிநாட்டு ஸ்பான்சர் மூலம் ஒரு சென்டரில் சேர்த்துக்கொண்டார்கள். நோட்டு, துணி, சாப்பாடு, டியூஷன் எல்லாம் கொடுத்தார்கள். நடுவில் சென்டரை மூடிவிட்டார்கள். அப்புறம் கலெக்டர் ஆபீஸ் மூலமாக மாதம் நாலாயிரம் வருகிறது. இப்போது பிளஸ் டூ படிக்கிறான். சித்திரை வந்தால் பதினெட்டு முடிகிறது, பணமும் நின்றுவிடும் என்கிறார்கள். அவன் மிலிட்டரிக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் எழுந்து பைபாஸில் ஓடுகிறான். ‘இத்தனை பேர் சேர்ந்து என்னை வளர்த்தாங்க, நான் திருப்பிச் செய்ய வேண்டாமா’ என்கிறான். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எழுபதாயிரம் நிற்கிறது. நாலு வருஷத்தில் பன்னிரண்டு லட்சம் வரும், அடைத்துவிடலாம் என்கிறான். அவனுக்குப் பதினெட்டு ஆகாததால் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடலாமா?”

அம்மா, உங்கள் மகன் ராணுவத்துக்குப் போவது நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது அவன் உடம்பும் மனசும் சம்பந்தப்பட்டது. ஆனால் கடிதத்தைப் படித்தவுடன் ஒன்று கண்ணில் பட்டது. உதவித்தொகை நிற்பது பதினெட்டில். ராணுவக் கதவு திறப்பது பதினேழரையில். இந்த இரண்டு தேதியும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சே இவ்வளவு அவசரமாக நடக்கிறது. ஸ்பான்சர் உதவி பிள்ளைகளைப் படைக்கு அனுப்புகிறது என்று சிலர் சொல்வதுண்டு. நான் பார்த்த வரையில் உதவி அப்படித் தள்ளுவதில்லை, அது நிற்கிற தேதிதான் தள்ளுகிறது. அதனால் முதல் ஆலோசனை, இந்தச் சித்திரைக்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். ராணுவத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஆள் எடுக்கிற அக்னிபாத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டபோது வயது வரம்பு பதினேழரை முதல் இருபத்தொன்று என்று வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பிலும் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் பையனுக்கு இன்னும் சில ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

இந்த நிலைமை எப்படி உருவானது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போல ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்தில் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டுத் தறி வீட்டுப் பையன் ராணுவத்துக்கு மனுப் போடுவதே அரிது. பாவில் இழை பிணைக்கவும், கோர்வை போடும்போது கரை நாடாவை வாங்கித் தள்ளவும் சின்னக் கைகள் தேவைப்பட்டன. முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்துவிடும். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாகச் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் தனி அறிக்கையே வெளியிட்டது, காஞ்சிபுரமும் அதில் வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது. ராணுவத்தில் பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், பாடத்துக்கு 33 சதவீதம் வேண்டும். நம் பகுதிப் பையனுக்கு உயரம் 166 சென்டிமீட்டர், மார்பு 77, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இதெல்லாம் படிப்பும் சாப்பாடும் சேர்ந்து கொடுப்பவை. சென்டரில் கிடைத்த முட்டையும் டியூஷனும் பள்ளிக்கூடச் சத்துணவும் உங்கள் மகனை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஸ்பான்சர் உதவியைப் பற்றி இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, உதவி பெற்ற பிள்ளைகள் சராசரியாக ஓர் ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்றும், உடலுழைப்பு அல்லாத வேலைக்குப் போகிற வாய்ப்பு கூடுகிறது என்றும் கண்டது. படிப்பு கூடினால் பல கதவு திறக்கும். ராணுவம் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது. குழந்தைக்கு ஸ்பான்சர் என்கிற ஏற்பாடே போரில் பிறந்தது. பிளான் அமைப்பு 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதைகளான பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கம்பாஷன் 1952-இல் கொரியப் போரின் அநாதைகளுக்காக. போரில் தகப்பனை இழந்த பிள்ளைக்குச் சோறு போட வந்த ஏற்பாட்டில் வளர்ந்த பையன் இங்கே படைக்கு ஓடிப் பழகுகிறான்.

அந்தக் கம்பாஷன் அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை நிறுத்தியது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பணம் கொண்டுவர உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும் என்று ஆனதுதான் காரணம். ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகள் அதன் உதவியில் இருந்தார்கள். 2024 ஜனவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு ஸ்பான்சர் அமைப்பான வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் ரத்தானது. எந்தத் தரப்பு சரி என்று இங்கே பேச இடமில்லை. பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டியது, ஸ்பான்சர் பணம் என்பது பிள்ளையின் படிப்பு முடிகிற நாளைப் பார்த்து நிற்பதில்லை. அது வேறு எங்கோ, வேறு ஏதோ காரணத்தால் நிற்கும். உங்களுக்கு ஒருமுறை அப்படி நின்றிருக்கிறது. இப்போது வருவது மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு. மாதம் 4,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. இது பதினெட்டில் நிற்கும் என்பது முதல் நாளிலேயே தெரிந்த விஷயம், ஆனால் அதை யாரும் ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றி அறியாத மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தகப்பனை இழந்த பிள்ளைகள், தாய் கைவிடப்பட்ட வீட்டுப் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் இருக்கும் பிள்ளைகள் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் 1098-க்குப் போன் போட்டாலும் சொல்வார்கள். தாய் தந்தை இருவரும் இல்லாத பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு.

பன்னிரண்டு லட்சத்தின் கணக்கு

இப்போது உங்கள் மகன் சொல்கிற பணத்துக்கு வருவோம். அக்னிபாத்தில் சேருகிறவரை அக்னிவீரர் என்பார்கள். அவருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் முப்பது சதவீதத்தைச் சேவா நிதி என்று பிடித்து வைப்பார்கள். கையில் வருவது முதல் ஆண்டு 21,000, கடைசி ஆண்டு 28,000. நான்கு ஆண்டில் பையன் பங்காக 5.02 லட்சம் சேரும், அரசும் அதே அளவு போடும், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் வரும், வருமான வரி கிடையாது. பன்னிரண்டு லட்சம் என்று அவன் சொல்வது இதைத்தான். கணக்கு சரி. ஆனால் மூன்று விஷயத்தை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம், அல்லது அவனுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது. அந்தத் தகுதி இல்லையென்றால் ராணுவ கேன்டீனும் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டமும் இல்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பக்கத்தில் ராணுவத்தைப் பற்றிக் கிடைக்கிற அறிவுரை எல்லாம் பழைய காலத்து அறிவுரை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்றால் வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் என்று பேர். அங்கே ஒரு தாத்தாவோ மாமாவோ “கண்ணை மூடிக்கிட்டு அனுப்பு” என்று சொன்னால் அவர் தன் அனுபவத்தில் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் பதினைந்து, இருபது வருஷம் வேலை பார்த்து, பென்ஷனோடு வந்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். உங்கள் மகன் சேரப் போகிற வேலை அது அல்ல. பேர் ஒன்றுதான், சீருடை ஒன்றுதான், ஒப்பந்தம் வேறு. 2023 ஜனவரி வாக்கில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்கு ஆண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. வெளியே வருகிறவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் பேச்சைவிடக் கவனமாகப் பாருங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவித்திருக்கிறார்கள். ஒதுக்கீடு என்றால் போட்டி போட ஒரு வரிசை, வேலை உறுதி அல்ல.

அடுத்தது, சேவா நிதியை நடுவில் எடுக்க முடியாது. நடுவில் தானாக விலகுவதும் விதிவிலக்காகத்தான் அனுமதிப்பார்கள். அப்படி விலகினால் அவன் போட்ட பணமும் வட்டியும் மட்டும் வரும், அரசுப் பங்கு வராது.

மூன்றாவது, அந்தப் பன்னிரண்டு லட்சத்தை இப்போதே நீங்கள் செலவு செய்துவிட்டீர்கள். எழுபதாயிரம் முன்பணத்துக்கு என்று ஆரம்பிக்கும், அக்கா தங்கை இருந்தால் கல்யாணம், ஒழுகுகிற ஓட்டுக்கு ஒரு மெத்தை வீடு. இருபத்திரண்டு வயதில் அவன் வெளியே வந்து நிற்கும்போது, அவன் இன்னொரு தொழிலோ படிப்போ தொடங்க இருக்கிற ஒரே முதல் அதுதான். அதைக் கடனுக்குக் கொடுத்துவிட்டால் அவன் மறுபடி தறிக்குழியில்தான் கால் வைக்க வேண்டிவரும்.

ஆகவே முன்பணத்தை அதிலிருந்து பிரியுங்கள். எழுபதாயிரம் நான்கு வருஷம் காத்திருக்கிற கடன் அல்ல. முன்பணத்துக்கு வட்டி இருக்காது, ஆனால் அந்தக் கடன் நிற்கிற வரை நீங்கள் வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது. வட்டி அப்படித்தான் வசூலாகிறது. பையன் சேருகிறானோ இல்லையோ, இந்த மாதமே முதலாளியிடம் போய்க் கணக்கை எழுதி வாங்குங்கள். சேலைக்கு எவ்வளவு பிடித்தார், மீதி எவ்வளவு என்று நோட்டில் கையெழுத்தோடு இருக்கட்டும். பையன் சேர்ந்தால் முதல் ஆண்டுச் சம்பளத்தில், பிடித்தம் போக வரும் 21,000-இலிருந்து மாதம் ஆறாயிரம் ஒதுக்கினால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும். அங்கே சாப்பாடும் தங்குமிடமும் ராணுவம் பார்த்துக்கொள்ளும், அவனுக்குச் செலவு குறைவு. சேராவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி அங்கே பாவு வாங்கி நெய்ய முடியுமா என்று கேளுங்கள். “முன்பணம் வாங்கியிருக்கே, பையனைத் தறியில் உட்கார வை” என்று யாராவது சொன்னால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆரணி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

நன்றிக்கு என்ன விலை

கடிதத்தில் என்னை உறுத்தியது பணம் அல்ல. ‘திருப்பிச் செய்ய வேண்டாமா’ என்ற வார்த்தை. ஸ்பான்சரில் வளர்ந்த பிள்ளைகளிடம் இது பொதுவாக இருக்கிற மனநிலை. ஆண்டுக்குச் சில முறை வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி, போட்டோவுக்கு நின்று, “உங்களால்தான் படிக்கிறேன்” என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு, தான் யாருக்கோ கடன்பட்டவன் என்ற எண்ணம் சின்ன வயதிலேயே ஏறிவிடுகிறது. ஸ்பான்சர் கண்ணில் படாத ஆள், அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அப்போது நாட்டுக்குக் கொடுக்கலாம் என்று மனம் இடம் மாறுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லையில், பனியில், இரவுக் காவலில், அதிகாரி திட்டும்போது தாங்கிக்கொள்ள நன்றியுணர்ச்சி மட்டும் போதாது. அந்த வாழ்க்கை பிடித்திருக்க வேண்டும்.

அவனிடம் உட்கார்ந்து கேளுங்கள், நீங்கள் கேட்க முடியாவிட்டால் அவன் மதிக்கிற ஒரு ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். “உன் உதவித்தொகை இருபத்தொன்று வரை வரும், முன்பணம் நாளைக்கே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். அப்போதும் போவியா?” அவன் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். போவேன் என்று யோசிக்காமல் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு நேரம் கொடுங்கள்.

உங்கள் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அல்ல. பதினெட்டு ஆகாத பையன் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும் என்பது அக்னிவீர் சேர்க்கை விதி. பதினெட்டு வயதுக்குள் யாரையும் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று இந்தியா 2005-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையின் நெறிமுறையில் சேர்ந்தபோது உறுதி கொடுத்திருக்கிறது. ஆக ஆறு மாதம் பொறுத்தால் அவனே தன் பெயரில் கையெழுத்திடுவான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன். சட்டத்துக்காக இல்லை, பின்னால் ஏதாவது நடந்தால் “அம்மா கையெழுத்துப் போட்டுத்தான் போனேன்” என்ற பேச்சு இரண்டு பேருக்கும் வேண்டாம் என்பதற்காக. சென்டர் நடத்தியவர்களுக்கோ, பயிற்சி அகாடமிக்காரருக்கோ காப்பாளர் இடத்தில் கையெழுத்திட உரிமை கிடையாது. யாராவது “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தாளைக் கொடுங்கள்” என்றால் கொடுக்க வேண்டாம்.

ஏதாவது நடந்தால் என்று எழுதிவிட்டேன், அதையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். பணிக்காலத்தில் 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு, பிரீமியம் பையனிடம் பிடிக்க மாட்டார்கள். பணியின் காரணமாக உயிரிழந்தால் 44 லட்சம் கருணைத்தொகை தனி. ஊனமானால் அதன் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். சேர்ந்ததும் வாரிசு நியமனப் படிவத்தில் உங்கள் பெயர், ஆதாரில் இருக்கிறபடியே எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

தம்பிக்கு நேராகச் சில வார்த்தை. பைபாஸில் ஓடாதே, அங்கே லாரி உன்னைப் பார்க்காது. பள்ளி மைதானத்தில் ஓடு. அதைவிட முக்கியம், 2023-இலிருந்து முறை மாறிவிட்டது. முன்பு ஓட்டம் முதலில், எழுத்துத் தேர்வு பின்னால். இப்போது கணினித் தேர்வு முதலில். அதில் தேறியவர்களைத்தான் 1.6 கிலோமீட்டர் ஓடவே கூப்பிடுகிறார்கள். நம் பையன்கள் ஆறு மாதம் ஓடிவிட்டு, ஒரு மணி நேரம், ஐம்பது கேள்வித் தேர்வில் வெளியே போகிறார்கள். பொது அறிவு, அறிவியல், கணக்கு, தர்க்கம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம். காலை ஓட்டம் ஒரு மணி என்றால் மாலைக் கணக்கு இரண்டு மணி.

பிளஸ் டூவை நடுவில் விடாதே. பத்தாம் வகுப்பு போதும் என்று அறிவிப்பில் இருப்பது உண்மை. ஆனால் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வெளியே வருவார்கள் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன், அப்போது உன் கையில் என்ன இருக்கும் என்பதை இப்போதே யோசி. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பிரிவில் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஒன்றிரண்டு வருஷம் அங்கே போய்விட்டு வந்தாலும் வயது தாண்டாது, வெளியே வந்தபின் கைத்தொழிலும் இருக்கும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அந்தச் சான்றிதழுக்கும் மதிப்பெண் உண்டு.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று நான்கிலும் உன் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பான்சர் சென்டரில் சேர்க்கும்போது ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், இனிஷியல் முன்னே பின்னே என்று இருக்கிற பிள்ளைகள் நிறைய. சென்டர் தாள்களை ராணுவம் கேட்காது. ஆனால் அந்தப் பெயரை வைத்து ஆதார் எடுத்திருந்தால் இப்போதே திருத்து. உன் அசல் சான்றிதழை எந்த அகாடமியிலும் ஒப்படைக்காதே. தேர்வுக் கட்டணம் தவிர ஆட்சேர்ப்புக்கு ஒரு ரூபாய் கிடையாது, “ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் கொடு” என்பவன் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறான்.

ஆரணி அரசு மருத்துவமனையில் ஒருமுறை கண், காது, பல் பார்த்துவிடு. காது அழுக்கால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, அற்பக் காரணம். நிறக்குருடு பரிசோதனையும் உண்டு. அரக்குக்கும் மெரூனுக்கும் பட்டு நூலில் வித்தியாசம் சொல்லி வளர்ந்தவனுக்கு அதில் பயமிருக்காது. நடிகர் முகத்தையோ சாமியின் வேலாயுதத்தையோ கையில் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள். முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறெங்கும் இருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஒன்று. ராணுவமே குழந்தையை வளர்க்கிற ஏற்பாடும் இருக்கிறது. பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி என்று பேர். பெங்களூரு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையம் போன்ற இடங்களில் எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் விளையாட்டுத் திறமை பார்த்து எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பள்ளிப்படிப்பு, பயிற்சி இலவசம். பதினேழரை வயதில் ராணுவத்தில் சேர வேண்டும் என்பது அதில் அடங்கிய நிபந்தனை. பத்து வயதுப் பிள்ளைக்காக அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நூறு முறை யோசியுங்கள், அந்த வயதில் அவன் நீச்சல் பிடித்திருக்கிறது என்று சொல்வான், துப்பாக்கியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அமராவதிநகர் சைனிக் பள்ளி வேறு மாதிரி. 1962-இல் தொடங்கியது, ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு, தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்கிறார்கள், ஆனால் படை சேரக் கட்டாயம் இல்லை. வருமானம் பார்த்து மாநில அரசு உதவித்தொகை தருகிறது. இரண்டில் எனக்கு இதுவே மேல்.

மிலிட்டரி கிடைக்கவில்லை என்றால் அல்லது தம்பி மனம் மாறினால்? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து மேலே போகிற பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, பெண்ணுக்குப் புதுமைப் பெண். நாலாயிரத்துக்கு ஈடு ஆகாது, தெரியும். ஆனால் உங்களிடம் கைத்தறி நெசவாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய அரசின் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனத்தில் படிக்கும் நெசவாளர் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உதவி இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் வரை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தறி வேண்டாம் என்று ஓடுகிற பையனிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பான். ஆனால் அங்கே படித்தவன் தறிக்குழியில் உட்காருவதில்லை என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, செய்யாறில் அரசு கலைக் கல்லூரி, செய்யாறு சிப்காட்டில் தொழிற்சாலை வேலை. எதுவும் பெருமையாகத் தோன்றாமல் இருக்கலாம். சீருடைக்குத் தெருவில் கிடைக்கிற மரியாதை இவற்றுக்கு இல்லை, அதுவும் ஒரு காரணம்தான், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

உதவி மையங்களும் விடுதிகளும் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்ற பிள்ளைகள் என்று சுவரில் போட்டோ மாட்டுகிறீர்களே, அதில் சீருடை போட்டவர்களை மட்டும் மாட்டாதீர்கள். பதினெட்டுக்குப் பின் என்ன என்ற பேச்சை ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உதவி நிற்கிற தேதியைப் பிள்ளையின் கையில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அம்மா, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், பழைய ஸ்பான்சருக்கு இந்தச் செய்தியைச் சொல்லலாமா என்று. சொல்லலாம், ஆனால் இப்போதே சொல்லுங்கள். படையில் சேர்ந்தபின் வெளிநாட்டவரோடு கடிதம், வாட்ஸ்அப் என்று தொடர்பு வைப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய சென்டரில் இருந்தவர்கள் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் அவர்கள் மூலம் அனுப்பப் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகள் நேர் முகவரியைக் கொடுப்பதில்லை. அந்தக் கடிதத்தில் ராணுவத்தைப் பற்றி எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் மதிப்பெண்ணை எழுதி, பையனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தன்னை வளர்த்தவர்களுக்குத் தெரிய வேண்டியது எது என்று அவனே முடிவு செய்யட்டும்.